சுவரைத் தேய்க்காத ஆளுக்கு மாதம் 600 ரூபாய்

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் வீட்டுத் தோட்டத்தில் தங்கமீன் குளம் வைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர் யாராவது இருந்தால், காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். முதல் தடவைக்கு 1,500 ரூபாய், அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை, 600 ரூபாய். பதினான்கு மாதமாக என் வீட்டுக்கு வருகிறார். இந்தப் பதினான்கு மாதத்தில் செத்த மீன் ஒன்றே ஒன்று. அதையும் ஒரு மடையான் கொக்குதான் தூக்கிக்கொண்டு போனது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மிச்சம் ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது பின்னால் வரும்.

நான் போட்டோ ஸ்டூடியோக்காரன். 1986-ல் கடை போட்டு 2017-ல் ஷட்டரை இறக்கியவன். சும்மா உட்கார்ந்தால் கை நமைக்கிறது என்று 2019-ல் பின்பக்கத்தில், கறிவேப்பிலை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே ஒரு குளம் வெட்டினேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். 150 கன அடி, லிட்டரில் சுமார் 4,200. உள்ளே சிமென்ட் பூச்சு, கரையில் கிரானைட். நம்ம ஊரில் கிரானைட்டுக்கா பஞ்சம்? பாலிஷ் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட ஓரத் துண்டுகளை ‘வண்டி வாடகையைக் குடுத்து எடுத்துட்டுப் போங்க’ என்றார்கள். சிமென்ட்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றின பிறகு மீன் விட்டேன். அதுவும் கொத்தனார் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்கு அப்போது மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஆரஞ்சு நிறம் பச்சைத் தண்ணீரில் நன்றாக எடுக்கும் என்பது மட்டும்.

ஐந்து வருஷம் எப்படியோ ஓடியது. பதினேழு மீன். அடியில் நாலு விரல் சேறு, சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி. போன வருஷம் மாசியில் மகள் வீட்டுச் சம்பந்திகள் வருவதாக இருந்தது. ‘இந்தக் குட்டையை யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க’ என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு டேங்க், சம்ப் கழுவுகிற ஆட்களைக் கூப்பிட்டேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. அவர்கள் சம்ப் கழுவுகிறவர்கள். சம்புக்கு என்ன செய்வார்களோ அதையே என் குளத்துக்கும் செய்தார்கள். கூப்பிட்டவன் நான்.

இரண்டு பையன்கள், ஒரு பிரஷர் மோட்டார். மீன்களைத் துணி துவைக்கிற டப்பில் போட்டார்கள். தண்ணீரை மொத்தமும் இறைத்தார்கள். சுவரில் பீய்ச்சி அடித்து, பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னந் துடைப்பத்தால் தேய்த்து, ஒருதரம் அலசி, குழாயைத் திறந்து நிரப்பி, மீனைத் திரும்ப விட்டார்கள். இரண்டரை மணி நேரம், 1,800 ரூபாய். அடியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயத்தின் சிங்கம் மேலிருந்து தெரிந்தது. நானே மொபைலில் ஆறு படம் எடுத்தேன். நல்ல படங்கள். இன்னும் அழிக்கவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. பசி என்று வீட்டம்மா பொரி போட்டாள். ஒன்றும் சீண்டவில்லை. இரவு ஒன்பதுக்குள் நாலு மல்லாந்தன. காலையில் எண்ணினால் பன்னிரண்டு. பெரிய ஒராண்டா ஒன்று, தலையில் கொண்டை வைத்ததுபோல் இருக்குமே, அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெந்த இறால்போல் வெளுத்து, மேலே சளி படிந்திருந்தது. சம்பந்திகள் வந்தபோது கண்ணாடிபோல் குளம், உள்ளே ஐந்து மீன், அவையும் மூலையில்.

இந்தத் தம்பியைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனபோது யாரோ கவரில் கலர் மீன் வைத்துக்கொண்டு பேசியதைக் கேட்டு வந்தார். தம்பியின் கடைக்குப் போர்டு கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஏழெட்டு சிமென்ட் தொட்டி. ‘போர்டு வெச்சா ஆளுங்க வந்து மீனைப் பாத்துட்டு வாங்காம போவாங்க சார்’ என்கிறார். சென்னை கொளத்தூரில் கலர் மீன் பண்ணையில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வயது முப்பது இருக்கும்.

எட்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். (பிடித்துக்கொண்ட நட்சத்திரத்தில் கால்வாசி இங்கேயே போயிற்று.) வந்ததும் மோட்டாரைப் போடுவார், வாளியைக் கேட்பார் என்று பார்த்தால், கரையில் குந்தி உட்கார்ந்து இருபது நிமிஷம் சும்மா பார்த்தார். மீன் எந்தப் பக்கம் நிற்கிறது, செவுள் எத்தனை வேகமாக அடிக்கிறது, முதுகுத் துடுப்பு விரிந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா. பிறகு கையை முழங்கை வரை விட்டு எடுத்து முகர்ந்தார். ‘சார், பிளீச்சிங் எவ்ளோ போட்டாங்க?’

ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து ஏதோ ஐந்து சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சம்பழ மஞ்சளாகிவிட்டது. ‘இது குளோரின். இன்னும் இருக்குது பாருங்க’ என்றார். அதற்கடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

‘சார், நீங்க போட்டோகிராபர்தானே? ஹைப்போ வெச்சிருப்பீங்களே?’

வருஷக்கணக்கில் ஹைப்போவில் கை நனைத்தவன் நான். டார்க் ரூமில் டெவலப்பர் தட்டுக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவே இருக்குமே, படத்தை நிலைநிறுத்துகிற ஃபிக்சர், அதற்குள் இருப்பது இந்த ஹைப்போதான். சோடியம் தயோசல்பேட். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அது கரைத்துவிடும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்து, 1839-ல் போட்டோவுக்குப் பயன்படும் என்று சொன்ன சரக்கு. துணி ஆலைகளில் வெளுத்த துணியில் தங்கிய குளோரினை முறிக்கவும் அதையே போடுவார்களாம். இந்தப் பாதி எனக்குத் தெரியாது. பரணில் ஏறி, 2003-ல் டார்க் ரூமை மூடியபோது கட்டிவைத்த டப்பாவை இறக்கினேன். மூடி துருப்பிடித்திருந்தது, உள்ளே கற்கண்டு கற்கண்டாக, உலர்ந்து, அப்படியே.

தம்பி அந்த மஞ்சள் குழலைக் கொட்டிவிட்டு, புதிதாகத் தண்ணீர் பிடித்தார். ஹைப்போவில் அரிசி அளவு ஒரு துணுக்கைப் போட்டு, கட்டைவிரலால் மூடிக் குலுக்கிவிட்டு, அதே ஐந்து சொட்டை விட்டார். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. மஞ்சள் வரவேயில்லை. ஒரு பக்கெட்டில் கைப்பிடி ஹைப்போவைக் கரைத்தபோது வாளி ஜில்லென்று ஆனது. அந்தக் குளிர்ச்சி என் விரலுக்குத் தெரிந்த குளிர்ச்சி. ஹைப்போ கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சும். மாசி மாத டார்க் ரூமில் அதைக் கலக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவேன்.

அவர் போட்ட கணக்கு இது. குடிநீரில் இருக்கிற அளவு குளோரினை முறிக்க ஆயிரம் லிட்டருக்குப் பத்து கிராம் ஹைப்போ தாராளம். ஆனால் பிளீச்சிங் பவுடர் கதை வேறு. அதில் மூன்றில் ஒரு பங்கு வரை குளோரின். சரியாக அலசாமல் சுவரிலும் மூலையிலும் நூறு கிராம் தங்கியிருந்தாலே நாலாயிரம் லிட்டரில் லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் ஆகிவிடும். நாம் குடிக்கிற குழாய்த் தண்ணீரில் இருக்கிற சொற்ப அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதும்.

குழாய்த் தண்ணீரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததன் அருமை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் போர் தண்ணீர்தான், ஃப்ளோரைடு கலந்த தண்ணீர். ஸ்டூடியோவில் ‘கொஞ்சம் சிரிங்க’ என்றால் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பவர்கள் எத்தனை பேர்! பல்லில் பழுப்புக் கோடு. கல்யாணப் பெண்கள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். பழைய நெகட்டிவ்களை எடுத்துப் பார்த்தால் ஒரு தலைமுறையே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் போடுவது நமக்காக. மீனுக்கு ஆகாததற்குத் தண்ணீர் வாரியம் என்ன செய்யும்?

ஹைப்போ போட்டதும் மீன்கள் தேறிவிட்டன என்று நினைத்து நான் பணத்தை எடுத்தேன். தம்பி தலையை ஆட்டினார். ‘இது முதல் கண்டம்தான் சார். ரெண்டாவது இனிமேல்தான் வரும்.’

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். டார்க் ரூமைப் போலவே குளத்திலும் மூன்று தட்டு இருக்கிறது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடும். அது முதல் தட்டு, விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அது மூன்றாவது தட்டு, மீனுக்கு அவ்வளவாகத் தொல்லை இல்லை, செடிக்கு உரம். இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை இல்லை. சுவரின் வழுவழுப்பில், கல்லின் சொரசொரப்பில், ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டிக் குடியிருப்பவை. ஐந்து வருஷமாக ஒன்றும் தெரியாத நான் வைத்திருந்த குளம் ஓடியது அந்த வழுவழுப்பின் தயவில். அதைத்தான் 1,800 ரூபாய் கொடுத்து உரித்து எடுத்திருந்தேன். திரும்ப முளைக்க நாலிலிருந்து ஆறு வாரம்.

இதில் நம்ம ஊர்த் தண்ணீருக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. என் குளத்துத் தண்ணீர் பிஹெச் (அமில-கார அளவு) 8.4 காட்டுகிறது. பிஹெச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஹெச் 8.5-ம் முப்பது டிகிரி வெயிலும் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு விஷமாகிவிடும். அதே அம்மோனியாதான், ஊட்டியில் மீன் பிழைக்கும், பங்குனியில் கிருஷ்ணகிரியில் பிழைக்காது.

அந்த ஆறு வாரமும் நான் சோதனைக் குழலும் கையுமாகத் திரிந்தேன். அம்மோனியா சோதிக்கிற ஏபிஐ கிட் ஒன்று அவர் மூலமாகவே வாங்கினேன். ஐந்து மில்லி தண்ணீர், முதல் பாட்டிலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு, மூடிக் குலுக்கி ஐந்து நிமிஷம். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. இங்கேதான் தம்பிக்கும் எனக்கும் முதல் தகராறு. வராந்தா ட்யூப் லைட்டில் குழலை அட்டையோடு வைத்து ‘ஒண்ணு சார்’ என்றார். நான் குழலைப் பிடுங்கிக்கொண்டு கறிவேப்பிலை மரத்தின் நிழலுக்குப் போனேன். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, வானத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ‘ரெண்டு. கலர் பிரின்ட்டை ட்யூப் லைட்டுல பாக்குறவன் எவனாவது உண்டா?’ அவர் ஒத்துக்கொண்டார். இப்போது மற்ற வீடுகளிலும் வெளியே எடுத்துப்போய்த்தான் பார்க்கிறாராம்.

அவர் செய்தவை சுருக்கமாக. 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை ஃபில்டர் ஆக்கினார்: அடியில் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் மூன்று கிலோ, அதன் மேல் ஸ்பாஞ்ச், மேலே கல். பீங்கான் வளையம் வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘காசு இருந்தா வாங்குங்க, பாக்டீரியாவுக்கு நாரும் ஒண்ணுதான்’ என்றார். குளத்திலிருந்து நாற்பது வாட் பம்ப் தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும், அங்கிருந்து வழிந்து திரும்பக் குளத்தில் விழும். சாமான் 2,900 ஆனது, அவர் கூலிக்குள் சேராது. தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஸ்பாஞ்சை, ஈரம் காயாமல் கவரில் கட்டிக் கொண்டுவந்து டிரம்மில் போட்டார். தயிருக்கு உறை மோர் விடுவதுபோல. அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. நைட்ரைட் ஏறிய வாரத்தில் அல்லித் தொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாலு கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றினார், லிட்டருக்கு ஒரு கிராம். உப்பிலிருக்கிற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்குமாம். ‘என்னப்பா, மீனை ஊறுகாய் போடுறியா?’ என்றாள் வீட்டம்மா. ஐந்தும் பிழைத்தன.

வீட்டம்மாவுக்கும் தம்பிக்கும் நடக்கும் வழக்கு வேறு. கோவில் குளத்தில் பொரி போட்டுப் பழகியவள். அவர் முதல் நாளே பொரிக்குத் தடை போட்டார். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய் வெளியே வந்துவிடும், அதனால் எப்போதும் பசித்ததுபோலவே வரும். ‘அதுங்க கேக்குதேன்னு போட்டா, போட்டதெல்லாம் அம்மோனியாதான்மா.’ ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் நாலு பொரி மிதப்பதை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறேன்.

இப்போது மாதாமாதம் அவர் செய்கிற வேலைக்கு வருகிறேன். இதில்தான் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். முழுக்க இறைக்க மாட்டார். அரை அடி தண்ணீரை மட்டும், சுமார் 850 லிட்டர், அடிச்சேற்றோடு குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார். அந்தக் கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பாய்ச்சுவார். பிறகு டிரம்மிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து, அதில் இரண்டு பிழி. குழாயடிக்குக் கொண்டுபோக விடமாட்டார். நான் ஒருமுறை உதவி செய்கிறேன் என்று குழாயைத் திறந்தேன், ஓடிவந்து மூடினார். ஸ்பாஞ்ச் வெள்ளையாக வேண்டியதில்லை, தண்ணீர் புகுந்து போனால் போதுமாம். அல்லியில் அழுகின இலையைக் கிள்ளுவார். பம்பின் வாயில் சிக்கிய பாசியை எடுப்பார். நிரப்புகிற தண்ணீருக்கு எட்டு ஒன்பது கிராம் ஹைப்போ, என் டப்பாவிலிருந்து. பிஹெச், அம்மோனியா பார்த்துச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் எழுதுவார். ஒரு மணி நேரம்கூட ஆகாது. மற்ற வாரங்களில் அரை அடி தண்ணீர் மாற்றுவது என் வேலை.

சுவரைத் தொடவே மாட்டார். பச்சைப் பசேலென்று பாசி வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கும். மீன்கள் சாயங்காலத்தில் அதை மேய்ந்துகொண்டிருக்கும். ‘அறுநூறு ரூபா வாங்கிட்டு செவுத்தைக்கூடத் தேய்க்காம போறான் பாரு’ என்று வீட்டம்மா மூன்று மாதம் சொன்னாள். நாலாவது மாதம் நிறுத்திக்கொண்டாள்.

சித்திரையில் தண்ணீரே பச்சையானது. சுவர்ப் பாசி இல்லை, தண்ணீர். பசலைக்கீரைக் கடைசல்போல, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மீன் தெரியவில்லை. யுவி (புற ஊதா) விளக்கு ஒன்று மாட்டலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், 2,400 ரூபாய். வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட்டிருந்தேன். அதற்குப் பதில் 50 சதவீத நிழல் வலையைக் கட்டினேன், கொஞ்சம் குறைந்தது, தெளியவில்லை. கடைசியில் மாட்டினேன். எட்டாம் நாள் அடிக்கல் தெரிந்தது. மிதக்கிற பாசியை அந்த வெளிச்சம் கொன்று கட்டிகட்டியாக ஆக்கிவிட, ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. சுவர்ப் பாசிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஒன்று கவனியுங்கள்: பல்பு நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் வருஷம் ஒன்றானால் அதன் வீரியம் போய்விடும், மாற்ற வேண்டும்.

கரண்ட் கணக்கு கேட்பீர்கள். பம்ப் நாற்பது வாட், இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். யுவி பதினோரு வாட், 16 யூனிட். ஆக மொத்தம் 74 யூனிட்டை மீன் குடித்துவிடுகிறது. பம்பை இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டேன். கூடாது, தண்ணீர் ஓடாவிட்டால் டிரம்முக்குள் இருக்கிற கூட்டம் மூச்சுமுட்டிச் சாகும். வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு. இருபது டிகிரியில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் பிடிக்கிற தண்ணீர் முப்பதில் ஏழரைதான் பிடிக்கும். மின்தடை நாளில் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அறுபத்தெட்டு வயதில் அது ஒரு உடற்பயிற்சி.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். மீன் விற்கிறவர், எனக்கு மீன் விற்க மறுத்தவர். பழையபடி பதினேழு ஆக்கலாம் என்று போனேன். ஆறுக்கு மேல் தர மாட்டேன் என்றார். அந்த ஆறையும் மூன்று வாரம் தன் கொட்டகையில் தனித் தொட்டியில் வைத்திருந்துதான் கொடுத்தார். அதில் ஒன்றின் வாலடியில் நூல்போல ஏதோ தொங்கியது. நெகட்டிவ் பார்க்கிற என் லூப் கண்ணாடியைக் கொடுத்தேன், நங்கூரப் புழு. குச்சிபோல உடம்பு, மீனின் சதைக்குள் குத்தி நிற்கிற தலை. இடுக்கியால் எடுத்துவிட்டு, இன்னொரு மூன்று வாரம் கழித்துத்தான் அந்த மீன் என் வீட்டுக்கு வந்தது. லூப்பைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார்.

ஆடியில் அல்லி இலைக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகக் குஞ்சுகள். ஏதோ ஏரி மீன் வந்துவிட்டது என்று நினைத்தேன். தங்கமீன் குஞ்சு முதலில் அப்படித்தான் இருக்குமாம், மாதங்கள் போனபின் தான் ஆரஞ்சு ஏறும். மச்சான் வந்தவன் ‘கவர்ல போட்டுக் குடு மாமா, கேஆர்பி அணையில விட்டுடறேன், புண்ணியம்’ என்றான். தம்பி அன்றைக்குத்தான் கோபப்பட்டுப் பார்த்தேன். ஊர் மீன் இருக்கிற இடத்தில் இதை விட்டால் சேற்றைக் கிளறி, மற்ற மீனின் முட்டையைத் தின்று, பெருகிப்போகும் என்றார். எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு, குஞ்சுக்குப் பத்து ரூபாய் என்று என் கணக்கில் கழித்தார்.

இனி குறைகள். போன் எடுக்க மாட்டார். மீன் செத்துக்கொண்டிருக்கிறது என்று நாலு தடவை அடித்தாலும் சாயங்காலம்தான் கூப்பிடுவார். எட்டு மணி என்றால் பதினொன்று, பதினொன்று என்றால் நாளைக்கு. சேற்றுக் காலோடு வராந்தாவில் நடப்பார். துடைக்கிறவள் கேட்டால் ‘காஞ்சா உதிர்ந்துடும்மா’ என்பார். என் வீட்டு நல்ல பிளாஸ்டிக் வாளி ஒன்று ஏழு மாதமாக அவர் கொட்டகையில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, முதல் மாதத்தில் பாக்டீரியா பாட்டில் ஒன்றை 450 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். ஊற்றிய பத்து நாளும் நான் சோதித்தேன். காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன், அம்மோனியா ஒரு இம்மிகூட இறங்கவில்லை. அவருடைய பழைய ஸ்பாஞ்ச் வந்த பிறகுதான் இறங்கியது. காலண்டரை அவரிடமே காட்டினேன். ‘சில சமயம் வேலை செய்யும் சார்’ என்றார். அந்த நட்சத்திரத்தில் மிச்சமிருந்தது முழுக்க இதற்காகத்தான் போயிற்று.

மடையானைப் பற்றி அவர் எச்சரித்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கிரானைட் விளிம்பில் மண் நிறத்தில் பொம்மைபோல் நிற்கும். பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். நான் கேமராவை எடுத்து வர உள்ளே போனேன். அதற்குள் ஒன்று குறைந்துவிட்டது. படமும் கிடைக்கவில்லை. மறுநாள் கரையைச் சுற்றித் தூண்டில் நரம்பை இரண்டு வரிசையாக, முழங்காலுக்குக் கீழே கட்டிவிட்டுப் போனார். அதற்குக் காசு கேட்கவில்லை. நரம்பு மட்டும் நாற்பது ரூபாய்.

சம்பந்தி வரப்போகிறார், இரண்டு மணி நேரத்தில் குளம் கண்ணாடிபோல் ஆக வேண்டும் என்பவர்கள் இவரைக் கூப்பிட வேண்டாம். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார். ஓசூர், ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் வருவதில்லை, எக்ஸ்எல் தாங்காதாம்.

போன வாரம் வந்தபோது ஹைப்போ டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு வந்துவிட்டது. தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது, ஆனால் ‘உங்களுது நல்ல சரக்கு சார்’ என்றார். கொஞ்சம் எனக்குக் குடுக்கிறீங்களா என்று கேட்கத்தான் அந்தப் பீடிகை என்று எனக்குத் தெரியும். முதலில் வாளி வரட்டும் என்றேன்.